பொறிக்கையும் குருதிக்குழாயும்

குறிகட்டுவான் இறங்குதுறையை அறியாத பழைய மாணவர் எம்மிடையே மிகச் சிலரே. நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குச் செல்லும் அடியார் கூட்டத்தோடு அங்கே வள்ளத்துக்குக் காத்து நின்ற நினைவு பலருக்கு உண்டு. அத்துறையின் மற்றொரு முகத்தைக் காண விரும்புவோர், திருவிழா இல்லாத நாளொன்றிற் காலையில் நெடுந்தீவுப் படகு வந்தணையும் வேளையிற் போய் நிற்றல் வேண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் அலையிலே ஆடி வந்தோர் கால் தடுமாற இறங்கி, யாழ்ப்பாணப் பேருந்தை நோக்கி விரைவர். அவருட் பலர் கையிலே கிளினிக் கொப்பி இருக்கும். அண்மையில் அவ்விடத்தில் எம்மோடு பேசி நடந்த முதியவர் ஒருவர், "இரத்தம் குடுக்க ஒருநாள், றிப்போட் எடுக்க ஒருநாள், அதை டொக்ரரிட்டைக் காட்ட ஒருநாள். மூண்டு நாளும் கடல்தான் தம்பி" என்றார்.

அம்மூன்று நாளை ஒரு நாளாக்க இயலுமா? மேனாட்டு மருத்துவமனை ஆய்வுகூடங்களில் மனிதரோடு ஒரே மேசையில் நின்று வேலை செய்யும் பொறிக்கைகள் சில ஆண்டுகளாகப் புகுந்து வருகின்றன. அவற்றைப் பற்றி எழுதுமாறு இம்மலர்க் குழுவினர் கேட்டபோது எமக்கு முதலில் நினைவில் வந்தது அம்முதியவரின் கணக்கேயாம். ஆதலின் பொறிக்கையின் இயல்பை விளக்குவதோடு நில்லாது, அஃது அவருக்கு எவ்வளவு உதவும், எவ்விடத்தில் உதவாது என்பதையும் ஆராய முற்படுகின்றோம்.

'ரோபோ' என்னுஞ் சொல் செக் நாட்டு எழுத்தாளர் கரெல் சாப்பெக் 1920 இல் எழுதிய நாடகத்தினால் உலகெங்கும் பரவியது. செக் மொழியில் 'ரொபோத்தா' என்பது, நிலவுடைமையாளனுக்குக் குடியானவன் செய்ய வேண்டியிருந்த கட்டாய வேலையைக் குறிக்கும். ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்தார் 'ஊழியம்' என்று அறிந்து வெறுத்ததும் அத்தகையதே. பொறி மனிதனுக்கு ஊழியஞ் செய்யும் என்பது அச்சொல் தந்த எதிர்பார்ப்பு. ஆய்வுகூடத்தில் நடந்தது வேறு.

எம் கல்லூரி இரசாயன ஆய்வுகூடத்திற் குழாயியை வாயால் உறிஞ்சி, அளவு தப்பி, அமிலத்தின் சுவையை அறிந்துகொண்ட பழைய மாணவர் பலர் இதனைப் படிக்கக்கூடும். மருத்துவமனை ஆய்வுகூடங்களிலும் ஒருகாலத்திற் குருதிச் சோதனை அவ்வாறே நடந்தது. 1957 இல் தெக்னிக்கோன் நிறுவனம் லெனாட் ஸ்கெக்ஸ் என்பாரின் தானியங்கிப் பகுப்புப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்த பின்னர், அளத்தல், கலத்தல், நிறம் பார்த்தல் ஆகியன படிப்படியாகப் பொறியின் வேலையாயின. இன்று சிறு மருத்துவமனையிலும் பகுப்பைப் பொறியே செய்கின்றது. மனிதனுக்கு எஞ்சியது பொறிகளுக்கு இடைப்பட்ட வேலை. குழாயைப் படிவத்தோடு ஒப்பிடுதல், பட்டைக்குறி ஒட்டுதல், மூடியின் நிறப்படி பிரித்தல், மையநீக்கியில் எதிரெதிரே எடை சமன்செய்து வைத்தல், சுழன்று முடியக் காத்திருந்து எடுத்தல், மூடி திறத்தல், பகுப்புப்பொறியின் தட்டில் அடுக்குதல், பின்னர் மீண்டும் மூடிக் குளிரூட்டியில் வைத்தல். இவற்றை ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை செய்கின்ற ஆய்வாளரைப் பார்ப்போர்க்கு, யார் யாருக்கு ஊழியஞ் செய்கின்றார் என்ற ஐயம் எழும்.

இவ்விடைவேலையை முதன்முதலாக முழுமையாகப் பொறிகளிடம் ஒப்படைக்க முயன்றவர் யப்பானியப் பேராசிரியர் மசாகிதே சசாக்கி. சிக்கோக்குத் தீவிலுள்ள கோச்சி மருத்துவக் கல்லூரியில் 1980களின் தொடக்கத்தில், ஓடும் பட்டிகளையும் பொறிக்கைகளையும் இணைத்து, குழாய் தானே பொறியைத் தேடிச் செல்லும் ஆய்வுகூடத்தை அமைத்தார். ஆள் போதாமையே அவரை அவ்வழியிற் செலுத்தியது. இன்று பெருநகர மருத்துவமனைகளிற் காணும் நீண்ட பட்டித் தொடர்கள் அவர் வழிவந்தவை. ஆயின் அவற்றுக்குப் பெரிய மண்டபம் வேண்டும், பெரும்பணம் வேண்டும், பொறிகள் யாவும் ஒன்றோடொன்று பேசத்தக்கனவாக இருத்தல் வேண்டும். ஒரு மேசை, ஒரு மையநீக்கி, இரண்டு பகுப்புப்பொறி, ஓர் ஆய்வாளர் என்றிருக்கும் சிறு ஆய்வுகூடத்துக்கு அவை எட்டாக்கனி.

உடனுழைக்கும் பொறிக்கை இவ்விடைவெளியிலேதான் நுழைகின்றது. அதனை ஆங்கிலச் சொற்சுருக்கமாகக் 'கோபோட்' என்பர். அமெரிக்காவின் நோத்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோல்கேற், பெஷ்கின் என்னும் இருவர் 1990களின் நடுப்பகுதியில் அக்கருத்தை உருவாக்கினர். மோட்டர்த் தொழிற்சாலைகளில் இயங்கும் பழைய பொறிக்கைகளைக் கம்பிக் கூட்டினுள் அடைத்து வைப்பர். தம் வழியில் மனிதன் நிற்பதை அவை அறியா. அறியாமலே அடித்துக் கொன்றும் உள்ளன. புதிய கையோ தன் மூட்டுகளில் ஏறும் விசையை இடையறாது அளக்கின்றது. நாம் ஒரு கதவைத் தள்ளும்போது அது திடீரென எதையோ தட்டினால் எம் தோள் அறிவதுபோல, மூட்டிலுள்ள மின்மோட்டர் வழக்கத்துக்கு மேலான மின்னோட்டத்தை இழுத்தால், எதிர்பாராத தடையொன்று நேர்ந்தது என்று அஃது உணர்ந்து நின்றுவிடும். மனிதன் மேல் எவ்வளவு விசை படலாம் என்பதற்கு 2016 இல் வெளிவந்த சர்வதேச நியம ஆவணமொன்று உடலின் 29 இடங்களைப் பிரித்துத் தனித்தனி எல்லை கூறுகின்றது. நெற்றிக்கு ஓர் எல்லை, தொடைக்கு வேறோர் எல்லை. வலியின் எல்லையைப் பொறியியலாளர் அட்டவணையிட்டு வைத்திருப்பது வியப்புக்குரியதே.

டென்மார்க்கின் ஓடென்சே நகரில் 2005 இல் தொடங்கிய யுனிவேர்சல் ரோபொட்ஸ் நிறுவனம் 2008 இல் விற்கத் தொடங்கிய கை இவ்வகையில் மிகப் பரவியது. ஆறு மூட்டுகள், எடை 18 கிலோகிராம் அளவு, தூக்குவது 5 கிலோகிராம், எட்டுவது 850 மில்லிமீற்றர். இருவர் தூக்கி மேசையிற் பூட்டிவிடலாம். அதற்கு வேலை கற்பிக்கக் கணிதப் பட்டதாரி தேவையில்லை. கையைப் பிடித்து, இங்கே எடு, அங்கே வை என்று நடத்திக் காட்டினால் அவ்வழியை நினைவிற் கொள்ளும். சிறு பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுவிக்கும் ஏடு தொடக்கல் எமக்கு நினைவு வருகின்றது. ஆனால் பிள்ளை நாளடைவிற் கையெழுத்தைத் திருத்திக்கொள்ளும். இது தானாகத் திருந்தாது.

இவ்வகைக் கைகள் மருத்துவமனை ஆய்வுகூடத்தில் நடைமுறைக்கு வந்த இடங்களுள் கொப்பன்கேகனை அடுத்த கென்ரொவ்தே மருத்துவமனை குறிப்பிடத்தக்கது. அங்கே முதற் கை குழாயை எடுத்துப் பட்டைக்குறி வாசிக்கும் கருவியின் முன் பிடிக்கின்றது. கமெரா மூடியின் நிறத்தைப் பார்க்கின்றது. நிறத்துக்கேற்பக் கை அதனை நான்கு தட்டுகளுள் ஒன்றில் வைக்கின்றது. இரண்டாவது கை அத்தட்டிலிருந்து எடுத்து மையநீக்கத்துக்கும் பகுப்புக்கும் அனுப்பும் வாயில் இடுகின்றது. நிமிடத்துக்கு ஏழெட்டுக் குழாய், நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,000 குழாய் என்றும், மாதிரிகள் ஐந்திலொரு பங்கு பெருகியபோதும் புதிதாக ஆள் சேர்க்காமலே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட முடிவுகளை ஒரு மணி நேரத்துள் கொடுக்க முடிந்தது என்றும் கையைச் செய்த நிறுவனம் வெளியிட்ட செய்தி கூறும். விற்பவர் கூற்று என்பதை மறவாது இதனைக் கொள்க.

மாணவர் இவ்விடத்தில் ஒரு கணக்குச் செய்து பார்க்கலாம். 3,000 குழாயை நிமிடத்துக்கு ஏழரை வீதம் பிரித்தால் 400 நிமிடம், அதாவது ஏழு மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. அம்மருத்துவமனைக்கு அக்கை ஒரு முழு ஆளின் ஒருநாட் சலிப்பைத் தீர்க்கின்றது. நாளொன்றுக்கு 120 குழாய் வரும் சிறு ஆய்வுகூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதே கை 16 நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டு எஞ்சிய நாள் முழுதும் சும்மா நிற்கும். கையும் பிடிப்பானும் கமெராவும் சேர்ந்து இலங்கை நாணயத்தில் ஒரு கோடி ரூபாவை அண்டும். பதினாறு நிமிட வேலைக்கு ஒரு கோடியா என்று எந்தக் கணக்காய்வாளரும் கேட்பார், கேட்பது நியாயமே.

எனின் சிறு ஆய்வுகூடத்துக்குப் பொறிக்கை வீணா? அவ்வாறு முடிவுகட்டுமுன் எம் அனுபவம் ஒன்றைக் கூறல் வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், பெயர் கூற விரும்பாத மருத்துவமனை ஒன்றில், மாரிகாலத்து இரவொன்றில் நாம் தனித்து வேலை பார்த்தோம். டெங்குக் காய்ச்சல் மலிந்திருந்த காலம். டெங்கு நோயாளருக்குச் சில மணிக்கு ஒருமுறை குருதிச் சிறுதட்டு எண்ணிக்கையும் செங்கலங்களின் கனவளவு வீதமும் பார்க்க வேண்டும். நீர் குருதிக்கலன்களிலிருந்து கசியத் தொடங்கும் வேளையைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஊதா மூடிக் குழாய்கள் ஓயாமல் வந்தன. அவற்றுள் இரண்டில் 'க. கந்தையா' என்றே எழுதியிருந்தது. தமிழர் பெயர் வழக்கை அறியாதார்க்கு இதன் இடர் விளங்காது. எமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றே வேறுபாடு. ஆங்கிலத்தில் எழுதும்போது அதே கந்தையா நாலு விதமாக எழுத்துக் கூட்டப்படுவார். பின்னிரவு மூன்று மணிக்கு ஒருவர் முடிவை மற்றவர் தாளில் எழுதினோம். விடியுமுன் விடுதித் தாதி ஒருவர், "இந்த நம்பர் இந்த ஐயாவின்ரயா இருக்காது" என்று திருப்பி அனுப்பியமையால் தீங்கு நேரவில்லை. அன்று எமக்குக் குறைந்தது நேரமன்று. மையநீக்கி நின்ற ஒலிக்கும், பகுப்புப்பொறியின் மணிக்கும், கதவு தட்டலுக்கும் இடையே கவனம் துண்டுதுண்டாகச் சிதறியிருந்தது.

சிறு ஆய்வுகூடத்திற் பொறிக்கையின் பயனை இவ்விடத்திலேயே தேடல் வேண்டும். பதினாறு நிமிடத்தை மிச்சம்பிடிப்பது அற்பம். அப்பதினாறு நிமிடம் நாள் முழுதும் நூற்றிருபது துண்டுகளாகச் சிதறி, ஒவ்வொரு துண்டும் வேறொரு வேலையை அறுத்துவிடுகின்றது. நுணுக்குக்காட்டியின் கீழே குருதிப் படலத்தைப் பார்த்திருப்பவர், சிறுதட்டுகள் உண்மையிலேயே குறைந்தனவா அல்லது ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு பொறியை ஏமாற்றினவா என்று தீர்மானிக்க வேண்டியவர். அவர் எழுந்து சென்று மூடி திறந்து வந்தால் எண்ணிய எண் மறந்துபோம். மையநீக்கியிலிருந்து குழாயை எடுத்து, பட்டைக்குறியை வாசித்து, மூடி கழற்றி, உரிய தட்டில் வைக்கும் சங்கிலியைக் கையிடம் விட்டால், ஆய்வாளரின் கண் ஆய்வாளரின் வேலையைச் செய்யும். பட்டைக்குறியை வாசிக்குங் கை இரு கந்தையாக்களையும் மயங்காது, குழாயில் முதலில் ஒட்டிய குறி சரியாயின். ஒட்டியதே பிழையாயின் அப்பிழையை அது தளராது கொண்டுசென்று சேர்க்கும்.

மற்றோர் எச்சரிக்கை. கை மனிதனை அடிக்காது என்பதனால் வேலை முழுதும் பாதுகாப்பானது என்று எண்ணலாகாது. அது பிடித்திருப்பது குருதி நிறைந்த குழாய். மூடி திறக்கையில் நுண்துளிகள் தெறிக்கலாம். குழாய் உடைந்து சிதறலாம். கையின் தீங்கின்மை வேறு, கையிலுள்ளதன் தீங்கின்மை வேறு. ஆதலின் மூடி திறக்கும் இடத்துக்குக் கண்ணாடித் தடுப்பு இன்றியமையாதது.

இனி நெடுந்தீவு முதியவரிடம் வருவோம். பொறிக்கை ஆய்வுகூட வாசலுக்கு உள்ளேதான் வேலை செய்யும். அவருடைய துன்பத்திற் பெரும்பகுதி வாசலுக்கு வெளியே கடலிலும் தெருவிலும் கிடக்கின்றது. புங்குடுதீவு, வேலணை, பண்ணை என்று தாம்போதிகளைக் கடந்து அவர் யாழ்ப்பாணம் செல்வதற்குப் பதிலாக, குருதியை நெடுந்தீவு வைத்தியசாலையிலேயே எடுத்துக் குழாயை மட்டும் அனுப்பினால் என்ன? நல்ல யோசனைதான். ஆயின் குழாயினுள் அடைபட்ட குருதி இறந்த பொருளன்று. செங்கலங்கள் உயிரோடிருந்து குளுக்கோசை உண்டுகொண்டேயிருக்கும். சாதாரண வெப்பநிலையில் மணிக்கு நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு வீதம் குறையும் என்பர். உண்ணாநிலையிற் குளுக்கோசு 100 மில்லிலீற்றருக்கு 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருப்பின் நீரிழிவு என்பது அளவு. காலை ஆறு மணிக்கு நெடுந்தீவில் எடுத்த குருதியில் 130 இருந்தது என்க. பத்து மணிக்கு அது பகுப்புப்பொறியை அடையும்போது, மணிக்கு ஐந்து வீதமே குறைந்தாலும், ஏறத்தாழ 106 ஆகிவிடும். நோயாளர் ஒருவரை நோயில்லாதவர் என்று கடல் எழுதிவிட்டது! பொறிக்கை அந்த 106 ஐ இம்மியும் பிசகாது அளந்து தரும்.

அப்படியாயின் பனிக்கட்டி நிறைந்த குளிர்ப்பெட்டியில் அனுப்புவோம் என்பார் சிலர். குளிர் குளுக்கோசைக் காக்கும். ஆனால் பொற்றாசியத்தைக் கெடுக்கும். செங்கலத்தினுள் பொற்றாசியம் மிக்கும் வெளியே குறைந்தும் இருக்கும். அவ்வேறுபாட்டைக் காப்பது கலமென்சவ்விலுள்ள ஒரு நுண்பம்பி. குளிரில் அது செயலிழக்கும், பொற்றாசியம் வெளியே கசியும், இருதயத்தையே நிறுத்தக்கூடிய அளவு என்று ஆய்வுத்தாள் அலறும், நோயாளர்க்கோ ஒன்றுமில்லை. சாம்பல் மூடிக் குழாயிலுள்ள புளோரைட்டு குளுக்கோசைக் காக்கும் என்பது உண்மையே. எனினும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது முழுப்பயன் தருவதில்லை. ஒரு குழாயில் எடுத்ததை மற்றொன்றில் ஊற்றிச் சமாளிக்கவும் கூடாது. ஊதா மூடிக் குழாயின் உப்பில் உள்ள பொற்றாசியம் கலந்து, முன்சொன்ன பொய்யலறலையே மீண்டும் உண்டாக்கும்.

உரிய வழி எளியது. குருதி உறைந்தபின், புறப்படுமுன்னரே, தீவிலேயே மையநீக்கியிற் சுழற்றி, செங்கலங்களையும் மேலே தெளிந்து நிற்கும் நீர்ப்பாயத்தையும் பிரித்துவிடுதல் வேண்டும். இடையே பசைத்தடுப்பு உள்ள குழாய்கள் அதற்கென்றே விற்கப்படுகின்றன. பிரித்தபின் குளிர்ப்பெட்டி நண்பனாகிவிடும். சிறிய மையநீக்கி ஒன்றும், பட்டைக்குறி அச்சிடும் சிறு கருவியும், பயின்ற ஒருவரும் போதும். இவற்றின் விலை பொறிக்கையின் விலையில் ஒரு சிறு பின்னமே. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையோடு இணையாது டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பி வந்தவை; அவற்றுக்குச் சூரிய, காற்று மின்திட்டம் அமைக்க 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையுடன் ஒப்பந்தமாயிற்று. மையநீக்கி ஓடுவதற்கு அத்துணை மின் வேண்டுவதில்லை. ஓடும் பத்து நிமிடம் மின் அறாதிருந்தாற் போதும்.

எனவே எம் கருத்தில், தீவு மருத்துவமனைகளுக்குப் பொறிக்கை முதலாவதன்று. அதற்குரிய இடம், பல தீவுகளின் குழாய்களும் ஒருங்கு வந்து சேரும் இடம். ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையோ யாழ்ப்பாணப் பெரியாசுபத்திரியோ அதற்கு ஏற்கும். தீவுதோறும் நோயாளர் வருவதற்குப் பதிலாகக் குழாய் வரத் தொடங்கினால், காலைப் படகுகளின் குழாய்கள் யாவும் ஒரே வேளையில் வந்து குவியும். நாள் முழுதும் பரவிவரும் 120 குழாய்க்குக் கை வேண்டாதிருக்கலாம். பத்து மணிக்கு ஒரே பெட்டியில் வந்திறங்கும் 120 குழாய்க்கு வேண்டும். பிற்பகற் படகு அவற்றுக்காகக் காத்திராது.

ஆள் வேலை போய்விடுமே என்ற அச்சம் எம் மாணவரிடையே உண்டு. இந்நாட்டில் நாம் கண்டது மறுதலை. 2022 இன் பொருளாதார நெருக்கடியின் பின் பயின்றவர் பலர் கடல்கடந்து சென்றனர். இருப்போர் இரட்டைப் பளு சுமந்தனர். அதே ஆண்டிற் சோதனைப்பொருள் தட்டுப்பாட்டால் மருத்துவமனைகள் பலவற்றிற் சோதனைகளே குறைக்கப்பட்டன என்பதையும் கருதுக. சோதனைப்பொருள் இல்லாத நாளில் ஒரு கோடி ரூபாக் கையும் வெறுங்கையே. வாங்குமுன், அதனைத் திருத்தத் தெரிந்தவர் யாழ்ப்பாணத்தில் உளரா என்றும் கேட்டல் வேண்டும். உதிரிப்பாகத்துக்காகத் துணிபோர்த்து மூலையிலிருக்கும் பொறிகளை நாம் போதிய அளவு கண்டுள்ளோம்.

வாங்குமுன் செய்யத்தக்க ஆய்வு ஒன்று உண்டு. அதற்குப் பணம் வேண்டியதில்லை. மருத்துவமனையின் அனுமதியோடு, நோயாளர் பெயரை விடுத்து, குழாயின் பயணத்தில் ஐந்து நேரங்களைக் குறித்தல் வேண்டும். குருதி எடுத்த நேரம், குறிகட்டுவானில் இறங்கிய நேரம், ஆய்வுகூடம் ஏற்ற நேரம், முடிவு வெளிவந்த நேரம், அம்முடிவைக் கண்டு வைத்தியர் மருந்தை மாற்றிய நேரம். இறுதி இரண்டுக்கும் இடையேதான் அம்முதியவரின் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் இருக்கின்றன என்பது எம் ஊகம். முடிவு தொலைபேசி வழியே நெடுந்தீவு வைத்தியருக்கு அன்றே சென்றால், அவ்விரு நாளும் பொறிக்கை இன்றியே ஒழியும். ஏற்ற நேரத்துக்கும் முடிவு நேரத்துக்கும் இடையே நீண்ட வெளி தெரியின், அது பொறிக்கைக்குரிய வெளி. கென்ரொவ்தேயில் ஒரு மணி நேரம் என்று எல்லை வகுத்தனர். இங்கே பிற்பகற் படகு புறப்படும் நேரத்தை எல்லையாகக் கொள்ளலாம். உயர்தர விஞ்ஞான மாணவர் நால்வர், ஒரு கொப்பியும் கைக்கடிகாரமுங் கொண்டு, ஒரு தவணை விடுமுறையில் இக்கணக்கை எடுத்துவிடலாம். வருவோர்க்குத் துணையாகக் காலைப் படகுக்கு நாமும் துறையில் நிற்போம்.